கால்சியம் கேட்கும் ஏற்பி

புனே நகரம் ஏறக்குறைய 18.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மழை மாதங்கள் நான்கைக் கழித்துவிட்டால் மற்ற நாளெல்லாம் தக்காணத்து வெயில் தாராளமாக விழும் ஊர். இங்கே ஹீராபாய் கவாஸ்ஜி ஜஹாங்கீர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் குழந்தை மருத்துவர் அனுராதா காடில்கரும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் எலும்பையும் அவர்கள் இரத்தத்தில் உள்ள வைட்டமின் டி அளவையும் ஆராய்ந்து வருகிறார்கள். இத்தனை வெயிலிலும் குறைபாடு சாதாரணமாக இருக்கிறது என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. இதே முரணை 2000-இல் தில்லியில் கோஸ்வாமி குழுவினர் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தவர்களிடமே காட்டியிருந்தார்கள். அதற்குப் பின் நாடு முழுவதும் பரிசோதனைக் கூடங்களில் ஓர் எண்ணைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எண் குறைந்தால் 60,000 யூனிட் மாத்திரை அல்லது பொடி. எண் ஏறினால் நிம்மதி.

அந்த எண் சொல்வது கையிருப்பை மட்டும்தான். கையிருப்பை வைத்து உடல் என்ன செய்கிறது என்பது செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் முடிவாகிறது. வைட்டமின் டி ஏற்பி என்பது அதன் பெயர். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த ஏற்பியைப் பற்றிச் சேர்ந்த அறிவை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது: அது எலும்பைக் கட்டுவதும் எலும்பிலிருந்து எடுப்பதும் சாப்பாட்டில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புனேயில் நடந்த ஆய்வுகளின் முழுப் பொருளும் இந்த இடத்தில்தான் விளங்குகிறது என்று நினைக்கிறேன்.

வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பு மகாராஷ்டிர மண்ணில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனிக்கப்பட்டது. 1922-இல் ஹட்சிசன், ஷா என்ற இருவர் நாசிக்கில் தாங்கள் பார்த்ததைக் கட்டுரையாக எழுதினார்கள். வசதியான வீடுகளில் கோஷாவுக்குள் அடைந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் வந்தது. அவர்களைவிட மோசமான சாப்பாடு சாப்பிட்டு வெளியில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வரவில்லை. அமெரிக்காவில் மக்காலம் ‘வைட்டமின் டி’ என்று பெயர் வைத்ததும் அதே ஆண்டுதான். 2010-இல் புனே குழுவினர் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாகியிருப்பது தெரியும். காப்பகத்துக்கு வந்து வெயிலில் விளையாடிய பிள்ளைகளைவிட, நெருக்கமான குடிசைப் பகுதி வீடுகளுக்குள்ளேயே இருந்த பிள்ளைகளுக்குத்தான் ரிக்கெட்ஸ் பாதிப்பு. நாசிக்கில் செல்வத்தின் நோயாக இருந்தது, நகரத்தில் இட நெருக்கடியின் நோயாகிவிட்டது. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருந்தது பாதிப்பை மேலும் மோசமாக்கியது. இந்த இரண்டாவது செய்தி பலருடைய கண்ணில் படாமல் போனது. அதை விளங்கிக்கொள்ள செல்லுக்குள் போக வேண்டும்.

தோலில் வெயிலால் உண்டாகும் வைட்டமின் டி தானாக எந்த வேலையும் செய்வதில்லை. கல்லீரல் அதில் 25-ஆம் இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் சேர்க்கிறது. பரிசோதனைக் கூடம் அளப்பது இதைத்தான். பிறகு சிறுநீரகம் 1-ஆம் இடத்தில் இன்னொன்றைச் சேர்க்கிறது. அப்போது கிடைக்கும் கால்சிட்ரையால்தான் வேலை செய்யும் ஹார்மோன். 1968-க்கும் 1971-க்கும் இடையில் டெலூகா, கோடிசெக், நார்மன் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள் இந்தப் பாதையைக் கண்டுபிடித்தன. இரத்தத்தில் கால்சிட்ரையால் இருப்பது மிக மிகக் கொஞ்சம். அதற்கு முந்தைய 25-ஹைட்ராக்சி வடிவத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஏற்பி இருப்பதற்கான முதல் தடயம் 1969-இல் கிடைத்தது. கோழிக்குஞ்சின் குடல் செல்களில் உட்கருவின் குரோமாட்டினோடு வைட்டமின் டி-யின் ஒரு வடிவம் ஒட்டிக்கொள்வதை மார்க் ஹாஸ்லரும் ஆன்டனி நார்மனும் காட்டினார்கள். மனித ஏற்பியின் முழு வரிசை 1988-இல் படிக்கப்பட்டது. அது 427 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். அதன் மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன், தைராய்டு, கார்ட்டிசால் ஆகியவற்றின் ஏற்பிகள் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். செல்லின் வெளிச்சுவரில் நின்று சேதி வாங்கும் ஏற்பிகளைப் போல இல்லாமல், இவை நேராக மரபணுக்களின் மேலேயே அமர்ந்து வேலை செய்கின்றன.

ஏற்பியின் முன்பகுதியில் இரண்டு ‘துத்தநாக விரல்கள்’ இருக்கின்றன. நான்கு சிஸ்டீன்கள் சேர்ந்து ஒரு துத்தநாக அணுவைப் பிடித்து மடிந்த அமைப்பு ஒவ்வொரு விரலும். டி.என்.ஏ.யின் பள்ளத்தில் பொருந்தி எழுத்துகளை அறிவது இந்தப் பகுதி. பின்பகுதி பெரியது, சுருள்கள் பல அடுக்கி, நடுவில் எண்ணெய்ப் பசையான ஒரு குழியை விட்டிருக்கிறது. அந்தக் குழியில்தான் ஹார்மோன் போய்ச் சேர வேண்டும். 2000-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் நத்தாலி ரோஷெல், தினோ மோராஸ் குழுவினர் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் இந்தக் குழியை அணு அணுவாகக் காட்டினார்கள். கால்சிட்ரையாலின் மூன்று ஹைட்ராக்சில்களையும் குழியின் சுவரில் உள்ள அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகப் பிடித்துக்கொள்கின்றன. 1-ஆம் இடத்து ஹைட்ராக்சிலை 237-ஆம் இடத்துச் செரைனும் 274-ஆம் இடத்து ஆர்ஜினினும், 25-ஆம் இடத்து ஹைட்ராக்சிலை 305, 397 ஆகிய இரண்டு ஹிஸ்டிடின்களும் பிடிக்கின்றன. சிறுநீரகம் சேர்க்கும் அந்த ஒரு ஹைட்ராக்சில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்படித்தான் தெரிந்தது. அது இல்லாத வடிவத்தைப் பிடிக்க 237-க்கும் 274-க்கும் ஒன்றும் இல்லை. ஆகவே பிடிப்பு பல நூறு மடங்கு தளர்ந்துவிடுகிறது.

ஹார்மோன் உள்ளே அமர்ந்ததும் புரதத்தின் கடைசிச் சுருளான 12-ஆவது சுருள் மடிந்து வந்து குழியை மூடுகிறது. அந்த மடிப்பினால் புரதத்தின் மேற்பரப்பில் ஒரு புதிய பிடிமானம் உருவாகிறது. அதுவரை ஒட்டியிருந்த அடக்கும் புரதங்கள் விலக, தூண்டும் புரதங்கள் வந்து அமர்கின்றன. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்களில் அசிட்டைல் சேர்த்து இறுக்கத்தைத் தளர்த்துவன சில, ஆர்.என்.ஏ. எழுதும் நொதியை வரவழைக்கும் மீடியேட்டர் என்ற பெரும் கூட்டு மற்றொன்று. ஏற்பி தனியாக டி.என்.ஏ.யில் அமர்வதில்லை. வைட்டமின் ஏ-யின் வழிவந்த பொருளை ஏற்கும் ஆர்.எக்ஸ்.ஆர். என்ற துணையோடு ஜோடி சேர்கிறது. ஜோடி தேடும் இடமும் ஜோடியானதே: ஆறெழுத்துத் தொடர் ஒன்று, மூன்றெழுத்து இடைவெளி, மறுபடி அதே போன்ற ஆறெழுத்து.

மனித மரபணுத் தொகுதி முழுவதிலும் இப்படி எத்தனை இடங்களில் அது அமர்கிறது? 2010-இல் ராமகோபாலன் குழுவினர் மனித இரத்த வெள்ளணுக்களிலிருந்து வளர்த்த செல்களில் எண்ணியபோது 2,776 இடங்கள் கிடைத்தன. கால்சிட்ரையால் கொடுத்ததும் 229 மரபணுக்களின் வெளிப்பாடு மாறியது. எல்லாச் செல்லிலும் இதே பட்டியல் கிடைக்காது. குடல் செல்லில் திறந்திருக்கும் இடங்கள் வேறு, எலும்புச் செல்லில் வேறு. ஏற்பி அமரும் இடம் மரபணுவின் வாசலிலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எலும்பைக் கரைக்கும் செல்களை உருவாக்கும் ரேங்க்-எல் மரபணுவை இயக்க, அதிலிருந்து 75,000 எழுத்துகளுக்கும் அப்பால் ஏற்பி அமர்வதை வெஸ்லி பைக்கின் குழு 2006-இல் காட்டியது. இடையில் உள்ள டி.என்.ஏ. வளைந்து இரண்டையும் அருகில் கொண்டுவருகிறது.

இத்தனை மரபணுக்களில் எது உயிருக்கு முக்கியம் என்ற கேள்விக்குப் பதில் ஓர் அரிய நோயில் கிடைத்தது. 1978-இல் புரூக்ஸ் குழுவினர் விவரித்த அந்த நோயில், குழந்தையின் இரத்தத்தில் கால்சிட்ரையால் அளவு மீறி ஏறியிருக்கும். ஆனாலும் கடுமையான ரிக்கெட்ஸ் இருக்கும். 1988-இல் காரணம் தெரிந்தது. ஏற்பியின் மரபணுவில் ஓர் எழுத்து பிழையாகித் துத்தநாக விரல் கோணலாகிவிட்டது. பெரும்பாலும் நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களின் குழந்தைகளிடம் காணப்படும் நோய் இது. மாமன் மகளை மணக்கும் வழக்கம் உள்ள நம் ஊர்களில் மருந்துக்கு அசையாத ரிக்கெட்ஸ் கண்ட மருத்துவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. 1986-இல் பாரிஸில் சோனியா பால்சான் குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். இரவுதோறும் நரம்பு வழியாகக் கால்சியத்தை மாதக்கணக்கில் செலுத்தினார்கள். ஏற்பி வேலை செய்யாமலே எலும்பு கெட்டிப்பட்டது. 1997-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏற்பி மரபணு நீக்கப்பட்ட எலிகள் உருவாக்கப்பட்டன. அவற்றுக்கும் ரிக்கெட்ஸ் வந்தது. கால்சியம் மிகுந்த, லாக்டோஸ் சேர்த்த உணவைக் கொடுத்ததும் எலும்பு சரியாயிற்று. பின்னர் 2009-இல் ஷூ, ஃபிளீட் இருவரும் ஏற்பியைக் குடலில் மட்டும் திருப்பி வைத்தபோது எலியின் எலும்பு சீரானது. எலும்புக்காக ஏற்பி செய்யும் தலையாய வேலை, குடலில் கால்சியத்தை உள்ளே வாங்குவது. குடல் செல்லின் மேல்முகத்தில் டி.ஆர்.பி.வி.-6 என்ற வாயிலையும், உள்ளே கால்சியத்தைத் தாங்கிச் செல்லும் கால்பின்டினையும் அது கூட்டுகிறது. வைட்டமின் டி இல்லாத உடல் உணவுக் கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காடு வரைதான் எடுத்துக்கொள்ளும். இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை.

ஆனால் கால்சியம் கொடுத்துச் சரிசெய்ய முடியாத ஒன்று அந்த எலிகளிடமும் குழந்தைகளிடமும் மிஞ்சியது. முடி உதிர்ந்துபோயிற்று, திரும்ப முளைக்கவில்லை. சாதாரண வைட்டமின் டி குறைபாட்டில் இப்படி ஆவதில்லை. ஹார்மோனைப் பிடிக்கும் குழியில் மட்டும் பிழையுள்ள நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முடி இருக்கிறது, டி.என்.ஏ.யைப் பிடிக்கும் விரலில் பிழையுள்ளவர்களுக்கு இல்லை. முடியின் வேரில் ஏற்பி தன் ஹார்மோன் இல்லாமலே ஏதோ வேலை செய்கிறது என்பதே இதன் பொருள். ஒரு புரதத்தை அதன் ஹார்மோனின் பெயரால் அழைத்துவிட்டு, அதற்கு வேறு வாழ்க்கையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எலும்பு கெட்டிப்படாத லாம்ப்ரே என்ற பழமையான தாடையற்ற மீனிலும் இந்த ஏற்பி இருக்கிறது. 2002-இல் மகிஷிமா குழுவினர், குடலில் உண்டாகும் லித்தோகோலிக் அமிலம் என்ற நச்சுப் பித்த அமிலத்தையும் அது உணர்ந்து, அதைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுவதைக் காட்டினார்கள். எலும்பு தோன்றும் முன்பே இந்த ஏற்பிக்கு வேலை இருந்திருக்க வேண்டும்.

இனி புனேயின் கேள்விக்கு, சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் பாதிப்பு ஏன் மோசமாகிறது என்பதற்கு, வருவோம். பால் குறைந்த, ஜோவார் பாக்ரியும் சோறும் பருப்பும் மிகுந்த சாப்பாட்டில் கால்சியம் கொஞ்சம்தான். இருப்பதிலும் ஒரு பங்கைத் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கியதும் பாராதைராய்டு சுரப்பிகள் தங்கள் ஹார்மோனை வெளியிடுகின்றன. சிறுநீரகம் கால்சிட்ரையாலை அதிகம் செய்கிறது. அது குடல் செல்லின் ஏற்பியில் அமர்ந்து வாயில்களைத் திறக்கிறது. குடலில் கால்சியமே வராவிட்டால்? 2012-இல் பெல்ஜியத்தின் லூவனில் கெயிர்ட் கார்மெலியேட் குழுவினர் குடலில் மட்டும் ஏற்பி இல்லாத எலிகளை ஆராய்ந்தார்கள். கால்சிட்ரையால் ஏறியது; எலும்பில் இருந்த ஏற்பி அதைப் பிடித்து, ஒரு பக்கம் எலும்பைக் கரைத்து, மறுபக்கம் புதிய எலும்பில் தாது படிவதைத் தடுத்தது. இரத்தத்தின் கால்சியம் இயல்பாகவே இருந்தது. எலும்பு நலிந்து முறிந்தது. பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்தித் தின்பதைப் போன்ற ஏற்பாடு. இதயத்துக்கும் நரம்புக்கும் அன்றாடம் கால்சியம் வேண்டும் என்பதால் உடலுக்கு வேறு வழி இல்லை.

அதற்கு மேலும் ஓர் இழப்பு உண்டு. ஏற்பி மிக வலுவாகத் தூண்டும் மரபணுக்களில் ஒன்று சி.ஒய்.பி.24.ஏ.1, கால்சிட்ரையாலையும் அதற்கு முந்தைய வடிவத்தையும் சிதைக்கும் நொதி அது. ஹார்மோன் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் வழி. 1987-இல் கிளெமென்ட்ஸ், ஜான்சன், ஃபிரேசர் மூவரும் கால்சியம் குறைந்த உணவு உண்ட எலிகளில் கால்சிட்ரையால் ஏறுவதையும், அதனால் 25-ஹைட்ராக்சி வடிவம் வேகமாகச் சிதைந்து தீருவதையும் காட்டினார்கள். கால்சியம் இல்லாத சாப்பாடு, வெயில் தந்த வைட்டமின் டி-யையும் எரித்துவிடுகிறது. புனேயில் வெயில் படாத பிள்ளைகளுக்குக் கால்சியக் குறைவு ஏன் இரட்டைச் சுமையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

புனேயின் அடுத்தடுத்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. வீணா ஏக்போடே, காடில்கர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட சிறிய சோதனையில் வசதியற்ற குடும்பங்களின் சிறு பிள்ளைகளுக்குத் தானியமும் பருப்பும் சேர்த்துச் செய்த லட்டு கொடுத்தார்கள். ஒரு தரப்பின் லட்டில் கால்சியம் அதிகம், மற்றதில் குறைவு. வைட்டமின் டி இரு தரப்புக்கும் உண்டு. ஓராண்டு கழித்து எலும்பின் தாது அளவு கால்சிய லட்டு தின்றவர்களிடம் அதிகம் கூடியிருந்தது. அதற்கு முன் 2010-இல், கால்சியம் எல்லோருக்கும் கொடுத்து, வைட்டமின் டி-யைப் பாதிப் பேருக்குக் கொடுத்து வளரிளம் பெண்களைப் பார்த்திருந்தார்கள். ஒட்டுமொத்தமாக வேறுபாடு இல்லை; பூப்பெய்தி இரண்டு ஆண்டுகளுக்குள் இருந்த பெண்களிடம்தான் பயன் தெரிந்தது. எலும்பு வேகமாக வளரும் காலத்தில் ஏற்பிக்கு வேலை அதிகம் என்று இதைப் படிக்கலாம். கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993-இல் புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் தொடங்கிய தாய்மார் ஊட்ட ஆய்விலிருந்து 2006-இல் வந்த செய்தி இதையும் தாண்டிப் பின்னோக்கிப் போகிறது. கர்ப்ப காலத்தில் பால் போன்ற கால்சியம் மிகுந்த உணவை அடிக்கடி உண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் எலும்பு உறுதியாக இருந்தது.

எலும்புக்கு வெளியே ஏற்பியின் கதை இன்னும் தீரவில்லை. காசநோய்க் கிருமியை விழுங்கிய வெள்ளணு தானே கால்சிட்ரையால் செய்துகொண்டு, ஏற்பி வழியாகக் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரப்பதை 2006-இல் ராபர்ட் மோட்லின் குழு காட்டியது. காசநோயாளிகளை வெயிலில் படுக்கவைத்த பழைய சானடோரியங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஏற்பி மரபணுவின் வேறுபாடுகளுக்கும் காசநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற தேடல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது: 1999-இல் காம்பியாவில், 2000-இல் லண்டனின் குஜராத்திகளிடம், அதே 2000-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் பி. செல்வராஜ் குழுவில். சென்னையில் தொடர்பு பெண்களிடம் தெரிந்தது. ஆனால் நோயாளிகளுக்குச் சிகிச்சையோடு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த சோதனை வேறு முடிவைத் தந்தது. 2015-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பங்கேற்ற இந்தியச் சோதனையில் சளியிலிருந்து கிருமி மறையும் காலம் குறையவில்லை. 2020-இல் மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்தும் கிருமித் தொற்று குறையவில்லை. செல்லில் நடப்பது உண்மை. மாத்திரையால் நோய் விலகும் என்பது நிரூபணமாகவில்லை.

மரபணு வேறுபாடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று பணம் வாங்கிக்கொண்டு ‘உங்கள் ஏற்பி எந்த வகை’ என்று அறிக்கை தருபவர்கள் இருக்கிறார்கள். ஃபோக்-1 என்ற வேறுபாடு மட்டும் புரதத்தையே மாற்றுகிறது: தொடக்கம் தள்ளிப்போய் 427-க்குப் பதில் 424 அமினோ அமிலங்கள், அந்தக் குட்டை வடிவம் சற்று வேகமானது. டாக்-1, பி.எஸ்.எம்-1, அபா-1 ஆகியவை புரதத்தில் எதையும் மாற்றுவதில்லை. 1994-இல் இவற்றைக் கொண்டு எலும்பின் அடர்த்தியைக் கணிக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரை, 1997-இல் திருத்தம் வெளியிட்டுத் தன் முடிவைத் தளர்த்திக்கொண்டது. 2006-இல் ஐரோப்பாவில் 26,242 பேரைச் சேர்த்து ஆராய்ந்தபோது இந்த நான்குக்கும் எலும்பு அடர்த்திக்கும் தொடர்பே தெரியவில்லை. அந்த அறிக்கைகளை வாங்குவதில் பயனில்லை என்பது என் கருத்து.

அதிகம் கொடுத்தால் நல்லது என்ற எண்ணத்துக்கும் ஏற்பியிடம் பதில் உண்டு. 25-ஹைட்ராக்சி வடிவம் அளவு கடந்து ஏறும்போது, தளர்ந்த பிடிப்பையும் மீறித் தானே குழியில் அமர்கிறது. இரத்தத்தின் தாங்கு புரதத்திலிருந்து கால்சிட்ரையாலையும் விடுவிக்கிறது. சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டைத் தாண்டி ஏற்பி இயங்கத் தொடங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, நீரிழப்பு, சிறுநீரகச் சேதம் வரை போகும். பச்சிளங் குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவைக் கொடுத்து இந்தியாவில் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 25,871 பேர் பங்கேற்ற வைட்டல் சோதனை, அன்றாடம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018-இல் சொன்னது. 2024-இல் அங்குள்ள எண்டோகிரைன் சங்கம், நோய் இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாக வைட்டமின் டி பரிசோதனை செய்ய வேண்டாம் என்றது.

இந்தியக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த நிலைப்பாட்டை அப்படியே பொருத்த முடியாது. அமெரிக்க உணவில் உள்ள அளவுக்குப் பால் இங்கே பலருடைய உணவில் இல்லை. மருத்துவர் அறையில் வைட்டமின் டி எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளை நாளொன்றுக்குக் கால்சியம் எவ்வளவு உண்கிறது என்பது. மகாராஷ்டிரத்தில் நாச்சணி என்றும் நம் பக்கம் கேழ்வரகு என்றும் விற்கும் தானியத்தில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முளைகட்டி மாவாக்கினால் ஃபைட்டேட்டும் குறையும். அங்கன்வாடியில் ஒரு வேளை நாச்சணி லட்டும், நண்பகலை ஒட்டி முற்றத்தில் விளையாட்டும் என்று புனேயில் ஒரு பெரிய சோதனை நடக்குமானால், குடல் செல்லின் ஏற்பிக்கு ஹார்மோனும் கால்சியமும் ஒருசேரக் கிடைக்கும்போது ஒரு நகரத்தின் பிள்ளைகளுக்கு எலும்பு எவ்வளவு கூடுகிறது என்று அளந்து பார்த்துவிடலாம்.